கொடுக்கில் ஒரு நெற்கதிர்

அத்தியாயம் – 17

"பத்து அட்டை போதும்மா. தூரத்துல இருந்தே எழுத்து தெரியணும். உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்குமே!"

தியாகராசன் கூடத்து நடுவில் வெள்ளை அட்டைகளையும் சிவப்பு மைப் புட்டியையும் பரப்பி வைத்தார். குரலில் பெருமைதான் இருந்தது. மருமகளின் கையெழுத்தைப் பற்றிப் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிற மாமனார் அவர். ஈஸ்வரி குனிந்து மைப் புட்டியின் மூடியைத் திருகினாள்.

"என்ன எழுதணும், மாமா?"

"'நண்டை நீக்கு, நெல்லை மதி.' அஞ்சு அட்டையில அது. பாக்கி அஞ்சுல, 'வரப்பை உடைக்கும் நண்டுக்கு வரவேற்பா?' நம்ம சங்கத்துத் துரைராசு யோசிச்சது. நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு, மாமா."

வேறென்ன சொல்வாள்? அந்த நண்டை வரைந்ததே நான்தான் என்றா சொல்வாள்?

முதலிலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். இந்த வாரம் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருவாரூர் தனி மாவட்டமாகி இன்னும் இரண்டு வருஷம் நிறையவில்லை. புது மாவட்டத்துக்கு முதன்முதலாக ஒரு மாநிலப் போட்டி வந்தது. பள்ளி மாணவியர் கபடி. நடக்கப்போகும் இடம் திருத்துறைப்பூண்டியில் ஈஸ்வரி தற்காலிக ஓவிய ஆசிரியையாக இருக்கும் பெண்கள் பள்ளி. டெல்லியில் ஆசிய விளையாட்டு நடந்தபோது யானைக் குட்டியை வைத்தார்களே, அதைப் போல நமக்கும் ஒரு சின்னம் வேண்டும் என்று விழாக் குழுவுக்கு ஆசை வந்தது. படம் அனுப்பச் சொன்னார்கள். நாற்பத்தேழு படம் வந்ததில் பதினாறு மயில். ஜெயித்தது ஒரு நண்டு.

கண்ணைச் சிமிட்டிச் சிரிக்கிற பெண் நண்டு. பெயர் கிடுக்கி. பாடி வருகிறவளின் காலை மடக்கும் கபடிக்காரி மாதிரி குனிந்து நிற்கும். ஒரு கொடுக்கு பிடிக்கு விரிந்திருக்கும், இன்னொன்றில் முற்றிய நெற்கதிர். அனுப்பியவர் பெயர் என்ற இடத்தில் இருந்தது கமருன்னிஸா, உடற்கல்வி ஆசிரியை. வரைந்தது ஈஸ்வரி.

ஏன் இந்தக் கண்ணாமூச்சி என்றால், காரணம் கூடத்தில் அட்டை பரப்பிக்கொண்டிருக்கும் இதே மனிதர்தான். மருமகள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். "போ, பாடம் எடு, வா. பேப்பர்ல பேரு, மேடையில ஆளுன்னு வந்துச்சுன்னா அன்னிக்கே நிறுத்திப்புடுவேன்." சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருக்கும் கணவன் செந்தில்குமாருக்கு அந்த அளவுகூடப் பிடித்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் எஸ்.டி.டி. பூத்துக்கு வருகிற அவன் அழைப்பில் முதல் கேள்வியே "இன்னும் போயிட்டுத்தான் இருக்கியா?" என்பதுதான்.

போய்க்கொண்டுதான் இருந்தாள். பள்ளியின் கடைக்கோடியில் பத்தடிக்குப் பத்தடி ஓவிய அறை. அதன் சாவி அவள் இடுப்பில், முந்தானைக்குள், ஒரு பெரிய ஊக்கில் தொங்கும். நடக்கும்போது சாவி ஊக்கில் மோதிக் கிணுகிணுக்கும். அதைக் கேட்டே பிள்ளைகள் டீச்சர் வருகிறாள் என்று தெரிந்துகொள்வார்கள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவளே திறந்து அவளே பூட்டுகிற கதவு அது ஒன்றுதான். அது போய்விட்டால் அவளுக்கு மூச்சு விட இடம் கிடையாது.

ஈஸ்வரி முதல் அட்டையை எடுத்துத் தூரிகையை மையில் தோய்த்தாள்.

சுவரொட்டி ஒட்டிப் பத்து நாள் ஆகிறது. பத்து நாளாக ஊருக்கு வேறு வேலை இல்லை. முத்துப்பேட்டைப் பக்கம் ஒரே கொண்டாட்டம். அங்கே காயலில் பிடிக்கிற நண்டு இப்போதெல்லாம் காலைக் கட்டிக்கொண்டு கூடையில் உட்கார்ந்து, சென்னைக்கு லாரி ஏறி, அங்கிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறது. கிடுக்கியை வெட்டி ஒட்டாத நண்டுக் கூடை இல்லை. "ஏஜெண்டுக்குக் காசு கட்டாம வெளிநாடு போற ஒரே ஆளு நம்ம ஊருல இதுதானே, அதைப் போட்டா என்ன தப்பு?" என்று கேட்டார்கள்.

நெல் பக்கம் நிலைமை வேறு. இது புரட்டாசி. நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கிற சமயம். நண்டு வரப்பில் வளை தோண்டித் தண்ணீரை வடிய விடுகிற சமயமும் இதுதான். மேட்டூர்த் தண்ணீரே இந்த வருஷம் கண்ணீர் மாதிரி வருகிறது. விடிந்தால் மண்வெட்டியோடு போய் வளை அடைக்கிறவன், டீ குடிக்க வந்த இடத்தில் சுவரைப் பார்க்கிறான். நண்டு நெற்கதிரைத் தூக்கிப் பிடித்துக் கண்ணடிக்கிறது. "நாத்தை வெட்டினது பத்தாதுன்னு கதிரையும் தூக்கிட்டு நக்கல் பண்ணுது பாருய்யா!" என்று யாரோ ஒருவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

நாலு சுவரொட்டிகளில் சாணி விழுந்தது. பத்திரிகைக்குக் கடிதம் போயிற்று. ஒருவர் உழவு மாடு கேட்டார், ஒருவர் மயிலே தேவலை என்றார், மளிகைக் கடை மருதையன் அந்தக் கண் தன் மாமியார் கண் மாதிரியே இருப்பதாகச் சத்தியம் செய்தார். வலங்கைமான் அணிப் பெண்கள் நண்டு போட்ட பனியனைத் தொட மாட்டோம் என்றார்களாம். யானைக் குட்டி மேல் டெல்லியில் யாருக்கும் பகை இருந்ததில்லை. நண்டு மேல் இங்கே வயல் வயலாகப் பகை இருந்தது.

இதோடு நின்றிருந்தால் ஈஸ்வரி தூங்கியிருப்பாள். வசவு நண்டை விட்டுப் பெயருக்குத் தாவிவிட்டது. "கடற்கரைக்காரங்களுக்கு வயலைப் பத்தி என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தார்கள். "அதுலயும் அவங்க..." என்று இழுத்து, பாதியில் நிறுத்தினார்கள். நிறுத்திய இடத்தில் என்ன இருந்தது என்பது கேட்டவர்களுக்கெல்லாம் தெரியும்.

"ஒரு அட்டையில அந்தச் சனியனோட படத்தையும் போட்டு, குறுக்கே ரெண்டு கோடு அடிச்சிடும்மா" என்றார் தியாகராசன். "அதை நானே பிடிச்சுக்கிறேன். பார்த்துப் போட சுவரொட்டி எடுத்தாரட்டுமா?"

"வேண்டாம், மாமா."

பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தினம் பஸ் ஸ்டாண்டுல பார்க்கிறேனே" என்று சமாளித்தாள்.

கை தன் பாட்டுக்குப் போயிற்று. ஓடு, சிமிட்டிய கண், கொடுக்கு, கதிர், எட்டுக் கால். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவசரத்தில், அவர் பார்வையில், எதையும் யோசிக்காமல் வரைந்தாள்.

"அடேயப்பா, அச்சு அசலா அப்படியே இருக்கே!" தியாகராசன் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது. "என்ன இருந்தாலும் அழகாத்தான்மா இருக்கு. ஆனா அதுக்கு நம்ம வயித்தெரிச்சல் தெரியலையே. போன சம்பாவுல ஒரே ராத்திரியில மூணு மா நிலம் வடிஞ்சு போச்சு. கையளவு வளை. அடுத்த தண்ணி வர பதினோரு நாளாச்சு. நான் வரப்புல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். கோடு அடி."

அவள் தன் நண்டின் முகத்தில் குறுக்கே இரண்டு சிவப்புக் கோடு அடித்தாள். எழுந்து உள்ளே போனாள்.

கொல்லையில் மாமியார் சாவித்திரி பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வரப்பில் வாய் மட்டும் தெரியும்படி மண்பானையைப் புதைத்து, உள்ளே வறுத்த தவிட்டைப் போட்டு வைப்பார்கள். வாசனைக்கு வருகிற நண்டு உள்ளே விழும். விழுந்தது ஏற முடியாது; பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி வரும். இன்றைக்கு ஒன்பது.

"படத்துல இருக்கிறது என்னமா சிரிக்குது!" என்றார் சாவித்திரி. "நம்ம பானையில விழுறது ஒண்ணாவது சிரிக்குதா பாரு. ராத்திரிக்கு ரசம் வெச்சிடுறேன். இவருக்குச் சளி. என்னடி முகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை. மை வாடை."

பள்ளிக்கூடத்தில் கமருன்னிஸா மைதானத்து வேப்ப மரத்தடியில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தாள். ஈஸ்வரியைவிட ஆறு வயது மூத்தவள். ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். அப்போது பிசகிய இடது கணுக்காலில் இன்றைக்கும் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருப்பாள். புடவைக்குக் கீழே வெள்ளையாகத் தெரியும். எதிலும் சிரிக்கிறவள், இன்று சிரிக்கவில்லை.

"மூணு மணிக்கு விவசாயிகள் சங்கம் வருதாம். எச்.எம். கூப்பிட்டுச் சொன்னாங்க. வரைஞ்ச ஆளு மன்னிப்புக் கடுதாசி குடுத்தா சின்னம் இருக்கும். இல்லாட்டி சின்னத்தையும் எடுத்துடுவாங்களாம், நாளைக்கு விழாவுல அணிகூட என்னையும் இறங்க விட மாட்டாங்களாம்."

"அக்கா, நான் சொல்லிடுறேன். நான்தான் வரைஞ்சேன்னு..."

"சொல்லி? உன் மாமனாருதான் கொடி பிடிச்சிட்டு முன்னால வர்றாரு. அவரு முன்னாலயா சொல்லப் போறே?" கமருன்னிஸா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு நிரந்தர வேலை, ஈஸ்வரி. ஒரு தாள்ல நாலு வரி எழுதிக் குடுத்தா என் கை தேஞ்சிடாது. உனக்கு அந்த ரூம் போயிடும். பேசாம இரு."

"உங்களைத் திட்டுறாங்களே."

"திட்டட்டும். எங்க வாப்பா நண்டு யாவாரத்துல கேக்காத திட்டா?"

சொல்லிவிட்டு மைதானத்துக்குள் இறங்கிவிட்டாள். ஈஸ்வரி வேப்ப மரத்தடியிலேயே நின்றாள். மனதுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மூன்று மணிக்குக் கோஷம் கேட்டது. இருபது பேர் இருக்கும். அவள் கையெழுத்து பத்து அட்டைகளில் வாசலில் வந்து நின்றது. உள்ளே வர ஐந்து பேருக்குத்தான் அனுமதி. சங்கத் தலைவர் தியாகராசன், செயலாளர் துரைராசு, இன்னும் மூன்று பேர். நண்டு போட்ட அட்டையைத் தியாகராசன் கீழே வைக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் வந்தார். சுவரோரம் நின்ற ஆசிரியைகளில் மருமகளைப் பார்த்து, ஒரு புன்னகைகூடச் செய்தார்.

தலைமையாசிரியை எல்லோரையும் சமாதானப்படுத்துகிற சுபாவம். "சுவரொட்டியில சரியா விழலைங்க. மூலப் படத்தைப் பாருங்க, அவ்வளவு நல்லா இருக்கும்" என்று பீரோவிலிருந்து எடுத்து மேஜை மேல் விரித்தார்.

அப்போதுதான் ஈஸ்வரிக்கு விளங்கியது.

சுவரொட்டியில் நண்டின் பின்கால்கள் கிடையாது. போட்டியின் பெயரை அச்சடிக்க வேண்டும் என்று அச்சகத்தில் அடிப்பாகத்தை ஒரு பட்டையால் மறைத்துவிட்டார்கள். மூலப் படத்தில் பின்கால் இருந்தது. இடப்பக்கத்துக் கடைசிக் காலில், தோழிக்காக ஈஸ்வரி ஆசையாகச் சுற்றிவிட்ட ஒரு வெள்ளைப் பேண்டேஜ் இருந்தது. ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

காலையில் வரைந்த அட்டையிலும் அது இருந்தது.

வளையைக் கண்டுபிடிக்கிற கண் தியாகராசனுக்கு. தண்ணீருக்கு அடியில் விரலளவு சுழல் தெரிந்தால் போதும், இங்கே ஓட்டை என்பார். அவர் மேஜைப் படத்தைப் பார்த்தார். குனிந்தார். கக்கத்து அட்டையை எடுத்துப் பார்த்தார். மறுபடி மேஜையைப் பார்த்தார்.

பிறகு அட்டையின் முகத்தைத் தன் மார்போடு திருப்பிக்கொண்டார்.

அவர் கண்கள் ஈஸ்வரியிடம் வந்தன. கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அதில் ஒரு கெஞ்சல் இருந்தது. வாயைத் திறந்துவிடாதே, எல்லோரும் இருக்கிறார்கள், வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று அந்தக் கண்கள் கேட்டன. இருபது பேரைத் திரட்டி முன்னால் நின்று வந்தவர் அவர். நண்டு அவர் வீட்டுக்குள்ளிருந்து கிளம்பியது என்று தெரிந்தால் நாளைக்கு வாய்க்கால் கரையில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? ஈஸ்வரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"எழுதுங்க டீச்சர்" என்றார் துரைராசு. "நான் சொல்றேன். 'விவசாயிகளை இழிவுபடுத்தும் எண்ணத்துடன், வேண்டுமென்றே இப்படத்தை வரைந்த நான்...'"

கமருன்னிஸாவின் பேனா நின்றது. "வேண்டுமென்றே இல்லைங்க. தெரியாம வரைஞ்சதுன்னு எழுதுறேன்."

"தெரியாமயா? நெல்லுக்கதிரு அது கைக்குத் தானா வந்துச்சா? அப்ப என்ன நெனச்சு அதைக் குடுத்தீங்க? சொல்லுங்க, கேக்கிறோம்."

கமருன்னிஸா மேஜை மேலிருந்த படத்தைப் பார்த்தாள். பாவம், அவள் என்ன சொல்வாள்? நினைத்தவள் அவளா?

"சொல்ல மாட்டாங்க" என்றார் துரைராசு மற்றவர்களிடம். "உள்ளே இருக்கிறது வேற. நமக்குத் தெரியாதா இவங்களைப் பத்தி?"

தியாகராசன் இப்போது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். விடுங்கப்பா, போதும் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா மறுபடி தாளில் இறங்குவதை ஈஸ்வரி பார்த்தாள். 'வே' என்ற எழுத்து விழுந்தது.

ஈஸ்வரி நகர்ந்தாள். இடுப்பில் சாவி கிணுக்கென்றது.

"நான் சொல்றேன், என்ன நெனச்சேன்னு."

அறையில் எல்லாத் தலைகளும் திரும்பின.

"படம் வரைஞ்சது நான். அக்கா பேருல அனுப்பினது என் பயத்தால. நான் தஞ்சாவூர்ல ரயில்வே குடியிருப்புல வளர்ந்தவ. கல்யாணமாகி வந்தப்புறம்தான் வயலையே கிட்டத்துல பார்த்தேன். நம்ம வயல்ல பாய்ஞ்ச தண்ணி மிச்சம் மீதி ஓடி, முத்துப்பேட்டைக் காயல்ல போய்ச் சேருதுன்னு அக்கா ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. வயக்காட்டுக்காரங்க கீழே இருக்கிறவங்களுக்குத் தண்ணியோட ஒரு கதிரும் குடுத்து அனுப்புற மாதிரி நெனச்சேன். திருடுற மாதிரி தெரியும்னு எனக்குத் தோணவே இல்லை. தினம் எங்க வீட்டுக் கொல்லையில பானை பானையா நண்டு வருது. அப்பவும் எனக்குத் தோணலை. தப்புதான். ஆனா வேணும்னு பண்ணலை."

கமருன்னிஸாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி, பாதியில் நின்ற வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள். 'படம் வரைந்தது நான். வயலில் நண்டு செய்யும் சேதம் அறியாமல் வரைந்தேன். மனம் நொந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். செ. ஈஸ்வரி, ஓவிய ஆசிரியை.' அதே அச்சு எழுத்து. பத்து அட்டைகளில் வாசலுக்கு வந்த எழுத்து.

துரைராசு தாளைப் பார்த்தார், தியாகராசனைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் ஒன்றும் சிரமப்படவில்லை. "தலைவரே, ஊரெல்லாம் தேடினோம். வளை உங்க வீட்டு வரப்புலயேல்ல இருந்திருக்கு!"

யாரோ பின்னால் சிரித்தார்கள். தியாகராசன் அட்டையை மார்போடு அணைத்தபடியே வெளியே போனார். மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது. தினமும் நாலரை மணிக்கு மருமகளைப் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போகிறவர், இன்று திரும்பிப் பார்க்கவில்லை.

"லூசு" என்றாள் கமருன்னிஸா. கண் நிறைந்திருந்தது. "சொல்லாதேன்னு சொன்னேன்ல?"

"மன்னிச்சிடுங்க அக்கா. பத்து நாள் முன்னாலயே சொல்லியிருக்கணும். இனிமே உங்க பேருக்குப் பின்னால நிக்க மாட்டேன்."

"போ. முதல்ல வீட்டுக்குப் போ."

தலைமையாசிரியை மட்டும் சந்தோஷமாக இருந்தார். கடிதம் கிடைத்துவிட்டது, சின்னம் இருக்கும், நாளைக்கு விழா. "மேடையில இனிமே உங்க பேரைத்தான் கூப்பிடணும், இல்லியா?" என்று நிகழ்ச்சி நிரலில் திருத்தினார்.

ஐந்தரை டவுன் பஸ்ஸில் இறங்கி, முள்ளியாற்றுப் பாலத்திலிருந்து நடந்தே வீடு வந்தாள். பஸ்ஸிலேயே பேச்சு பரவியிருந்தது. இரண்டு பெண்கள் அவளைக் காட்டிக் கிசுகிசுத்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். கேலியா மரியாதையா என்று தெரியவில்லை. எதுவாயிருந்தாலும் தப்பிக்க வழியில்லை, பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் மொபெட் இல்லை. சாவித்திரி அடுப்படியில் நண்டை இடித்துக்கொண்டிருந்தார்.

"வந்தாரு. ஒரு வார்த்தை பேசலை. அந்த அட்டையைக் கட்டில் அடியில தள்ளிட்டு, பூத்துக்குப் போயிருக்காரு." உலக்கையை நிறுத்தினார். "செந்திலுக்குப் போன் போட. என்னடி செஞ்சே நீ? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க, அத்தை?"

சாவித்திரி யோசித்தார். "பயந்துகிட்டு இருந்திருப்பேன். உன்கூடச் சேர்ந்து" என்றார். மறுபடி இடிக்க ஆரம்பித்தார்.

இடிக்காமல் நாளைக்கென்று விட்டு வைத்த இரண்டு நண்டுகள் பானைக்குள் சுரண்டிக்கொண்டிருந்தன. ஈஸ்வரிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவே முடியவில்லை. கூடத்துக்கு வந்தால் அங்கேயும் கேட்டது.

விளக்கு வைத்த நேரத்துக்குத் தியாகராசன் வந்தார். காலெல்லாம் சேறு. பூத்திலிருந்து வயலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். கைகால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நண்டு கதிரை வெட்டாதும்மா" என்றார் கடைசியில். "நாத்தைத்தான் வெட்டும். கதிரை வெட்டுறது எலி. அதுகூடத் தெரியாம படம் போட்டிருக்க."

ஈஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்குச் சிரிக்க வேண்டுமா, அழ வேண்டுமா?

"நாளைக்கு ஒன்பது மணிக்கெல்லாம் தயாரா இரு. மேடையில உன் பேரைக் கூப்பிடுவாங்க. போகாம இருந்தா பயந்து ஒளிஞ்சுட்டான்னு துரைராசு பேசுவான். நானே கூட்டிட்டுப் போறேன். முன் வரிசையில உக்காருவேன். யாரு சிரிக்கிறான்னு பார்க்கிறேன்."

"மாமா..."

அவள் நெஞ்சு நிறைந்துபோயிற்று. காலில் விழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது. மேடையில் தன் பெயர், கீழே முன் வரிசையில் மாமனார். இத்தனை நாள் எதற்குப் பயந்தோம் என்று அவளுக்கே வெட்கமாக வந்தது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டாள்.

"அவரு என்ன சொன்னாரு, மாமா?"

தியாகராசன் கழுவியும் போகாமல் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். அவளைப் பார்க்கவில்லை.

"நானா இருந்தா என்ன செய்வேனோ தெரியலை. உன் புருஷன் அவன். அவன் ஒண்ணு சொன்னான். நான் சரின்னுட்டேன்." சுரண்டிய சேற்றைத் தட்டிவிட்டார். "ஓவிய ரூம் சாவி உன்கிட்டத்தானே இருக்கு? நாளைக்கு விழா முடிஞ்சதும் எச்.எம். அம்மாகிட்ட ஒப்படைச்சிட்டு வந்துடலாம்."

அடுப்படியில் உலக்கை நின்றது.

தூணைப் பிடித்த கையை எடுத்து ஈஸ்வரி இடுப்புக்குக் கொண்டுபோனாள். முந்தானைக்குள் சாவி உடம்புச் சூட்டோடு இருந்தது. தர மாட்டேன் என்று சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு அத்தனை பேர் முன்னால் பேசிய வாய்தானே இது? திறந்தாள். வந்தது வேறு.

"சாவி என்கிட்ட இல்ல, மாமா. கமருக்காகிட்ட இருக்கு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எந்தப் பெயருக்குப் பின்னால் இனி நிற்க மாட்டேன் என்று மத்தியானம் சொல்லிவிட்டு வந்தாளோ, அதே பெயருக்குப் பின்னால் மறுபடி போய் நின்றுவிட்டாள்.

தியாகராசன் தலையை ஆட்டினார். "சரி. நாளைக்கு அந்தப் பொண்ணும் விழாவுக்கு வரும்ல? நானே கேட்டு வாங்கிக் குடுத்துடுறேன். இங்க வா, உக்காரு. நின்னுகிட்டே இருக்கியே."

ஈஸ்வரி அசையவில்லை. அசைந்தால் சாவி ஊக்கில் மோதிக் கிணுகிணுக்கும்.